கடைசி எண் ஏன் பூஜ்ஜியமாச்சு?

(தருமபுரி மாவட்டத்தில் நடந்த கல்லூரி மாணவர் சந்திப்பில் நம் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிங்க. வீட்ல காலேஜ் போற பிள்ளைங்க இருந்தா அவங்களுக்கும் பகிருங்க.)



மேடையில் இருக்கும் அண்ணன்களுக்கும், அக்காக்களுக்கும், முன்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் தங்கைகளுக்கும், பின்வரிசையில் போனைப் பார்த்துக்கிட்டு இருக்கிற தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் வணக்கம் சொல்றேன்.

எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாரும் அரசியல் பேசினாங்க. நான் பேசப் போறது எக்செல் பற்றி. சிரிக்காதீங்க. பேசி முடிக்கும்போது இதுவும் அரசியல்தான்னு உங்களுக்கே தெரியும்.

எங்க பெரியம்மா பொண்ணு ஒரு கல்லூரியில் படிச்சா. எந்தக் கல்லூரின்னு வேண்டாம். கூடப் படிக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் உதவித்தொகை வந்துடுச்சு, இவளுக்கு மட்டும் வரல. பேங்க்ல கேட்டா, "உங்க கணக்கு நல்லாத்தான் இருக்கும்மா, பணம் வரலையே"ங்கிறாங்க. ஆபீஸ்ல கேட்டா, "நாங்க அனுப்பிட்டோம்"ங்கிறாங்க. மூணு தடவை அலைஞ்சா. ஒவ்வொரு தடவையும் ஊர்ல இருந்து டவுன் பஸ், ஒரு நாள் வகுப்பு போச்சு. பரீட்சைக் கட்டணம் கட்ட கடைசி நாள் வந்ததும் பெரியம்மா கம்மலைக் கழட்டி அடகு வெச்சாங்க.

கடைசியா அந்தப் பட்டியலோட பிரின்ட் அவுட்டை வாங்கிப் பார்த்தோம். அவ கணக்கு எண்ணுக்கு 16 இலக்கம். பாஸ்புக்ல கடைசி எண் 7. பட்டியல்ல கடைசி எண் 0. சரி, டைப் அடிச்சவர் தப்பா அடிச்சிருப்பார்னு நினைச்சேன். கீழே பார்த்தா இன்னொரு பிள்ளைக்கும் 16 இலக்கம், அதுவும் 0ல முடியுது. அதுக்கும் கீழே இன்னொண்ணு. அதுவும் 0.

அவர் சரியாத்தான் அடிச்சிருக்கார். மாத்தினது எக்செல். ஒரு எண்ணுல 15 இலக்கம் வரைக்கும்தான் எக்செல் ஞாபகம் வெச்சுக்கும். பதினாறாவது இலக்கத்தை எடுத்துட்டு, சத்தமே இல்லாம பூஜ்ஜியம் போட்டுடும். எச்சரிக்கை கிடையாது, சிவப்புக் கோடு கிடையாது. இதுக்கு வைத்தியம் ரொம்பச் சின்னது. டைப் அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்த வரிசையை முழுசா செலக்ட் பண்ணி, பார்மட் செல்ஸ் போய், ‘டெக்ஸ்ட்’னு மாத்திடணும். இல்லேன்னா எண்ணுக்கு முன்னாடி ஒரு ஒற்றை மேற்கோள் குறி போடணும். அவ்வளவுதான். பத்து விநாடி வேலை. அந்தப் பத்து விநாடி தெரியாததால ஒரு அம்மாவோட கம்மல் அடகுக்குப் போச்சு.

அந்தப் பட்டியலைத் தயார் பண்ணினவரைத் திட்டலாம்னுதான் முதல்ல தோணுச்சு. அப்புறம் என்னையே கேட்டுக்கிட்டேன்: அந்த நாற்காலியில நீ உட்கார்ந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருக்காது.

நான் பி.இ. படிச்சவன். நாலு வருஷம். சி படிச்சேன், ஜாவா படிச்சேன். படிச்சேன்னா என்ன, லேப்ல ரெண்டு பேருக்கு ஒரு சிஸ்டம், சீனியர் ரெக்கார்டைப் பார்த்து நம்ம ரெக்கார்டு, அவுட்புட் வந்த மாதிரி ஒரு பிரின்ட், வைவால ரெண்டு கேள்வி. பாஸ். படிப்பு முடிஞ்சு ஓசூர்ல ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். அல்காரிதம் கேட்பாங்கன்னு ராத்திரி பூரா படிச்சுட்டுப் போனேன். அவங்க ஒரு ஷீட்டைத் திறந்து கொடுத்து, "எந்த ஷிப்ட்ல எத்தனை பேர் லீவுன்னு எடுத்துக் கொடுங்க"ன்னாங்க. அறுநூறு வரி இருக்கும். நான் மௌஸை உருட்டி உருட்டி, பேப்பர்ல கோடு போட்டு எண்ணினேன். பக்கத்துல டிப்ளமோ படிச்ச ஒரு தம்பி, பிவட் டேபிள் போட்டு ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டு தண்ணி குடிக்கப் போயிட்டான். வேலை அவனுக்குத்தான். நியாயமும் அதுதான்.

‘கம்ப்யூட்டர் தெரியும்’னு நாம எல்லாருமே பயோடேட்டால எழுதுறோம். ‘எம்.எஸ். ஆபீஸ்’னு ஒரு வரி சேர்க்கிறோம். எழுதுறது வேற, ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்கும்போது செஞ்சு காட்டுறது வேற.

கருவி இல்லாம இல்லை தோழர்களே. 2011 செப்டம்பர் 15ல இலவச மடிக்கணினித் திட்டம் ஆரம்பிச்சது. நம்ம மாவட்டத்துல மலைமேல இருக்கிற வீட்டுக்குக்கூட அதுல லேப்டாப் போச்சு. 2022 மார்ச் 1ல ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தது. அதுல பல கலை அறிவியல் கல்லூரிகள்ல மைக்ரோசாப்ட் ஆபீஸ் அடிப்படைகளையே ஒரு பாடமா வெச்சாங்க. 2025 பட்ஜெட்ல கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட்னு அறிவிச்சாங்க. எந்த ஆட்சி கொடுத்தாலும் அது மக்கள் வரிப்பணம். வாங்கிக்கிறது நம்ம உரிமை. எனக்கும் பிளஸ் டூ முடிச்சப்ப ஒண்ணு வந்தது. நான் அதுல என்ன பண்ணினேன்? படம் பார்த்தேன். பென்டிரைவ்ல படம் ஏத்தி ஊருக்கே கொடுத்தேன். அந்த நாலு வருஷத்துல ஒரு தடவை கூட அதுல ஒரு லெட்டர் டைப் அடிக்கல.

போன் இருக்கே, அது போதாதான்னு கேட்பீங்க. அந்தப் போனே யார்கிட்ட இருக்குன்னு முதல்ல பார்ப்போம். ‘பிரதம்’ அமைப்பு 2023ல நாடு முழுக்க 28 மாவட்டங்கள்ல, கிராமத்துல இருக்கிற 14 முதல் 18 வயசு பிள்ளைங்ககிட்ட எடுத்த ஆய்வு ஒண்ணு இருக்கு. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிஞ்ச பசங்கள்ல 43.7 சதவீதம் பேர்கிட்ட சொந்தப் போன் இருக்கு. பொண்ணுங்கள்ல 19.8 சதவீதம்தான். மீதிப் பேருக்கு அப்பா போன், அண்ணன் போன். அப்போ ஒரு கிராமத்துப் பொண்ணு தனியா உட்கார்ந்து, தப்புப் பண்ணி, திருத்தி, கத்துக்க இடம் எது? கல்லூரி லேப் ஒண்ணுதான். 2011 மக்கள் தொகைக் கணக்குல நம்ம மாவட்டத்தோட எழுத்தறிவு 68.5 சதவீதம். தமிழ்நாட்டுலயே கடைசி. நம்மள்ல பல பேர் வீட்ல முதல் பட்டதாரி. வீட்ல கேட்டுத் தெரிஞ்சுக்க ஆள் இல்லை. அதனால கல்லூரி முடியறதுக்குள்ள கத்துக்கிட்டாதான் உண்டு.

சரி, என்னதான் கத்துக்கணும்? அஞ்சே விஷயம் சொல்றேன்.

முதல்ல பைல். நான் சொல்லிக் கொடுக்கப் போற இடத்துல எல்லாம் முக்கால்வாசிப் பேருக்கு இங்கதான் இடிக்குது. "அண்ணா, அடிச்சேன், காணோம்"பாங்க. எங்க சேவ் பண்ணினோம், என்ன பேர் வெச்சோம்னு தெரியாது. டெஸ்க்டாப்ல ‘நியூ’, ‘நியூ1’, ‘பைனல்’, ‘பைனல் பைனல்’னு இருக்கும். ஒரு போல்டர், அதுக்குள்ள தேதியோட ஒரு பேர். இது பழகினாலே பாதிக் கம்ப்யூட்டர் வந்துடும்.

ரெண்டாவது தமிழ் டைப்பிங். நாம தமிழ், தமிழ்னு பேசுறோம், ஒரு மனு தமிழ்ல அடிக்கணும்னா டவுன்ல டி.டி.பி. சென்டரைத் தேடுறோம். 1999ல சென்னையில நடந்த தமிழ்இணையம் மாநாட்டுக்கு அப்புறம் அரசே ‘தமிழ்99’ங்கிற விசைப்பலகையைத் தரமா அறிவிச்சது. உயிரெழுத்து எல்லாம் இடது கை, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கை. ‘அம்மா’ன்னு அடிக்க அ, ம, ம, ஆ. நாலு தட்டு. நடுவுல புள்ளியை அதுவே போட்டுக்கும். இப்போ விண்டோஸ்லயே இருக்கு, தனியா வாங்க வேண்டாம். அடிக்கிறது யூனிகோடுல இருக்கட்டும். 2010ல தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட தரங்கள்ல அதுவும் ஒண்ணு. பழைய பான்ட்ல அடிச்சா, அந்தப் பான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறக்கிறப்ப உங்க மனு முழுக்க கிறுக்கலாத் தெரியும். யாரும் போன் பண்ணி "தம்பி, படிக்க முடியல"ன்னு சொல்லமாட்டாங்க. ஓரமா வெச்சுடுவாங்க.

மூணாவது ஷீட். இதைப் பாடமா ஆரம்பிக்காதீங்க, வீட்டுல இருந்து ஆரம்பிங்க. நம்ம ஊர்ல பாதி வீட்ல பால் சொசைட்டி அட்டை இருக்கும். தேதி ஒரு வரிசை, லிட்டர் ஒரு வரிசை, விலை ஒரு வரிசை. நாலாவது வரிசையில லிட்டரை விலையால பெருக்கு, அப்படியே கீழே இழு. மாசக் கடைசியில ஒரு கூட்டல். அமெரிக்காவுல டான் பிரிக்லின்னு ஒரு மாணவர், வாத்தியார் போர்டுல ஒரு எண்ணை மாத்தினா மத்த எண்ணையெல்லாம் அழிச்சு அழிச்சு எழுதுறதைப் பார்த்துட்டு யோசிச்சதுதான் இது. 1979ல ‘விசிகால்க்’னு வந்தது. இன்னிக்கு எக்செல் அதோட வாரிசு. ஒரு எண்ணை மாத்தினா மீதியெல்லாம் தானா மாறணும்கிறதுதான் இதோட உயிர். ஷீட்டைத் திறந்து வெச்சுட்டு கால்குலேட்டர்ல கூட்டி அடிக்கிறவங்க இருக்காங்க. ஷீட்டை நோட்டு மாதிரி நடத்தாதீங்க.

அங்க ஒரு குழி இருக்கு, அதையும் சொல்லிடறேன். கட்டத்துக்குள்ள ‘ரூ.500’னு அடிச்சா அது எண் இல்லை, எழுத்து. கூட்டல் போட்டா அந்த 500ஐ விட்டுட்டுக் கூட்டும். தப்புன்னும் சொல்லாது. அதே மாதிரி, 0ல ஆரம்பிக்கிற எண்ணை அப்படியே அடிச்சா முன்னாடி இருக்கிற 0 காணாமப் போயிடும். கூட்டிக் கழிக்கிற எண்ணை எண்ணா வை. ஆதார், கணக்கு எண், போன் நம்பர் எல்லாம் கூட்டிக் கழிக்கிறதில்லை, டெக்ஸ்டா வை. எங்க பெரியம்மா பொண்ணு கதையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நாலாவது, லெட்டர். ஒரு விண்ணப்பத்தை ஒரே பக்கத்துல, ஓரம் விட்டு, பொருள் எழுதி, பி.டி.எப். ஆக்கத் தெரியணும். அஞ்சாவது, மெயில். பைலை இணைக்கணும், தலைப்பு எழுதணும், நாலு வரி மரியாதையா எழுதணும், அனுப்பினதை சென்ட்ல போய்ப் பார்க்கணும். தலைப்பே இல்லாம வெறும் பயோடேட்டாவை அனுப்பிட்டு, "கூப்பிடவே மாட்டேங்கிறாங்க"ன்னு நானே ஆறு மாசம் புலம்பியிருக்கேன்.

இதுக்கு சென்டர்ல ஆயிரக்கணக்குல பணம் கட்டணும்னு அவசியமில்லை. லிப்ரே ஆபீஸ் இலவசம். அதையே ஐ.ஐ.டி. பாம்பேயோட ‘ஸ்போக்கன் டுடோரியல்’ல தமிழ்ல, சின்னச் சின்ன வீடியோவா சொல்லித் தர்றாங்க. ஒரு வீடியோவைப் பார்த்துட்டே பக்கத்துல செஞ்சு பார்க்கலாம். அரசு வேலைக்குப் படிக்கிறவங்களுக்குக் கூடுதலா ஒரு சேதி: குரூப் 4ல தட்டச்சர் பணிக்குப் போறவங்களுக்கு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துற ‘ஆபீஸ் ஆட்டோமேஷன்’ சான்றிதழ் வேணும். வேலையில சேர்ந்துட்டு அவசரமா ஓடுறதுக்குப் பதிலா, படிக்கிறப்பவே முடிச்சு வைங்க.

இப்போ கல்லூரிகளுக்கும் எங்க கட்சிக்காரங்களுக்கும் சேர்த்து ஒரு வேண்டுகோள். லேப்பை மதியம் ஒரு மணி நேரம் எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் திறந்து விடுங்க. தமிழ் இலக்கியம் படிக்கிற பிள்ளைக்கும் வரலாறு படிக்கிற பிள்ளைக்கும்தான் அது அதிகமாத் தேவை. சாயந்திரம் திறந்தா கடைசி பஸ் போயிடும்னு பொண்ணுங்க வரமாட்டாங்க, அதனாலதான் மதியம்னு சொல்றேன். கேட்க வேண்டிய இடத்துல நாங்க மனு கொடுப்போம். அந்த மனுவை நீங்களே டைப் அடிச்சுக் கொடுங்க, அது இன்னும் நல்லது.

எங்க ஐ.டி. விங் தோழர்களுக்கும் ஒண்ணு. மீம் போடுறவங்க நம்மகிட்ட நிறையப் பேர் இருக்காங்க. ஒரு முதியோர் உதவித்தொகை மனுவை ஒழுங்கா அடிச்சு, ஆவணத்தை இணைச்சு அனுப்பத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்? ஊர்ல நம்மளை ஞாபகம் வெச்சுக்கப் போறது அந்த மனுவுக்காகத்தான். எனக்குத் தெரிஞ்சதை சனிக்கிழமையில சொல்லித்தர நான் தயார். பத்துப் பேர் சேர்ந்தா போதும், எங்க கூப்பிட்டாலும் வர்றேன்.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். எங்க பெரியம்மா பொண்ணுக்கு எண்ணைத் திருத்தினதும் பணம் வந்துடுச்சு. கம்மலையும் மீட்டாச்சு. இப்போ அவ ஒரு ஆபீஸ்ல பட்டியல் போடுற வேலையிலதான் இருக்கா. ஷீட்டைத் திறந்ததும் முதல் வேலையா கணக்கு எண் வரிசையை டெக்ஸ்ட்டுன்னு மாத்திட்டுத்தான் மத்ததைத் தொடுவா. அவ போட்ட பட்டியல்ல யார் வீட்டுப் பணமும் இதுவரை திரும்பி வரல.

நாளைக்கு அந்த நாற்காலியில நீங்க உட்காருவீங்க. உங்க முன்னாடி இருக்கிற ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தர் வீடு. கத்துக்கிட்டுப் போய் உட்காருங்க.