டக் என்று ஒரு சத்தம்

கல்லிலேயே கம்பியும் ஆணியும் செதுக்கிய கொடுங்கைக்குப் பேர்போன ஊர் ஆவுடையார்கோவில். அந்தப் பக்கம் சம்பா உழவு தொடங்கிவிட்டால் ரோட்டவேட்டருக்கு ஓய்வில்லை. டிராக்டரின் பின்னால் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் தண்டிலிருந்து அதற்கு விசையைக் கொண்டுபோவது ஒரு ஷாப்ட். அதன் இரு முனையிலும் கூட்டல் குறி வடிவில் ஓர் இரும்புத் துண்டு, மெக்கானிக் சொல்லும் 'கிராஸ்', இருக்கும். வரப்பில் ஏறி இறங்கி ஷாப்ட் சாய்ந்தாலும் சுழற்சி அறுபடாதது இதனால்தான். லாரியிலும் இதே ஏற்பாடுதான். மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி இதைச் செய்து 1903-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர்.

ஓட்டம் எடுக்கும்போது 'டக்' என்று சத்தம் வருகிறதா? எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஷாப்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கிராஸின் காலை மூடியிருக்கும் கப்பைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துரு மாவு கசிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது. ஊசி ஊசியான உருளைகள் கிராஸின் காலில் வரிவரியாகப் பள்ளம் போட்டிருக்கும். அதற்குமேல் கிரீஸ் அடித்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கழற்றும் முன் பெயின்ட்டால் அடையாளம் போடுங்கள். கிராஸைப் பிடித்திருக்கும் இரு முனைக் கவைகளும் ஒரே வரிசையில் நிற்காவிட்டால் புதுக் கிராஸும் அதிரும். கப்பை நிறுத்தும் லாக்கை எடுத்து, வைஸில் வைத்து அழுத்தினால் கப் வெளியே வரும். சுத்தியலால் ஓங்கி அடிக்கிறார்களே, கவை வளைந்தால் செலவு பல மடங்கு! புதுக் கப்பில் ஓர் உருளை சாய்ந்தாலும் லாக் காடியில் உட்காராது. அப்போது திரும்பக் கழற்றி நிமிர்த்துங்கள். கடைசியில் ஷாப்டின் பிளாஸ்டிக் உறையை மாட்ட மறக்காதீர்கள். வேட்டி முனை சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.