புதிய நாவல்களும் வாசகர் அபிப்பிராயமும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



புதிது புதிதாக வெளிவரும் நாவல்களைப் பற்றி வாசகர்கள் எப்படி அபிப்பிராயம் கொள்ள வேண்டும் என்பது குறித்து இன்று சில வார்த்தைகள் சொல்லும்படி நம்மைக் கேட்டிருக்கின்றார்கள். "கடவுள், மதம், ஜாதி என்று பேசித் திரியும் இந்தக் கூட்டத்தாருக்குக் கதைப் புஸ்தகத்தில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கதையில்தான் நமக்கு முதல் வேலை என்று சொல்லுகின்றோம். ஏனெனில், இந்நாட்டு மக்களை வெகு காலமாக அடக்கி வைத்திருந்தது பீரங்கியும் துப்பாக்கியும் மாத்திரமல்ல, கதையும்தான். புராணம் ஒரு கதை, இதிகாசம் ஒரு கதை, ஸ்தல மகத்துவம் ஒரு கதை. ஆனால் அந்தக் கதைகளைக் கேட்டவனுக்கு அபிப்பிராயம் சொல்லும் உரிமை கிடையாது. கேட்டுத் தலையை ஆட்டினால் மோட்சம், "இது எப்படி நடக்கும்?" என்று வாயைத் திறந்தால் நரகம்.

நாவல் என்பது அப்படிப்பட்டதல்ல. தமிழில் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சாகி வெளிவந்தது. அதை எழுதியவர் ரிஷியுமல்ல, அவதாரமுமல்ல. முனிசீப் உத்தியோகம் பார்த்த வேதநாயகம் பிள்ளை. இது மனிதன் கட்டிய கதை என்று ஒப்புக்கொண்டே வருவது நாவல். ஆகவே விலை கொடுத்து வாங்கியவனும், இரவல் வாங்கிப் படித்தவனும், "நன்றாயிருக்கிறது", "நன்றாயில்லை" என்று தாராளமாய்ச் சொல்லலாம். அதனால் ஒருவனுக்கும் பாவம் வராது. கதையைக் கேட்டுக் கும்பிட்டவனைக் கதையைப் படித்து நியாயம் கேட்கிறவனாக ஆக்கியதே நாவல் செய்த பெரிய உபகாரம் என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் இந்த உரிமையை நாம் எவ்வளவு தூரம் உபயோகிக்கின்றோம்? புதிதாக ஒரு நாவல் வந்தால், எழுதினவர் பெயர் என்ன, அவர் என்ன ஜாதி, பரிசு வாங்கினாரா, பத்திரிகைக்காரர் புகழ்ந்தாரா, நமது கட்சிக்காரர் திட்டினாரா என்று விசாரிக்கின்றோமே தவிர, புஸ்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை. பிறர் சொன்ன அபிப்பிராயத்தையே நமது அபிப்பிராயமாக வைத்துக்கொள்ளுகின்றோம். குருக்கள் சொன்னால் கடவுள் உண்டு என்று நம்புகிறவனுக்கும், விமர்சகர் சொன்னால் நாவல் உயர்ந்தது என்று நம்புகிறவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

சரி, எப்படி அபிப்பிராயம் கொள்ளுவது? எல்லா நாவலுக்கும் ஒரே அளவுகோல் போதாது. அரிசிக்குப் படி, துணிக்குக் கஜம் என்பது போல, எந்த வகை நாவலோ அந்த வகைக்குத் தகுந்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

முதலாவது, துப்பறியும் நாவல். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார், ஜே.ஆர். ரங்கராஜு முதலானவர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே தமிழ் மக்களுக்கு இந்த ருசியை ஏற்படுத்தினார்கள். இதை மட்டம் என்று பண்டிதர்கள் சொல்லுவார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். காரணமில்லாமல் காரியமில்லை, சாட்சியில்லாமல் குற்றமில்லை என்று கற்பிப்பது நல்ல துப்பறியும் கதை. ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி: குற்றவாளி அறிவால் அகப்பட்டானா, அல்லது கனவாலும் குறியாலும் அகப்பட்டானா? இன்னொன்றும் கவனியுங்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற அறிவாளியைப் படைத்த கானன் டாயில் என்பவரே, இரண்டு சிறு பெண்கள் 1917-ல் எடுத்துக் காட்டிய தேவதைப் படங்களை உண்மை என்று நம்பி, 1922-ல் அதற்கென்றே ஒரு புஸ்தகம் எழுதினார். அவை காகிதத்தில் வெட்டி வைத்த உருவங்கள் என்று அந்தப் பெண்களே கிழவிகளான பிறகு 1983-ல் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே கதையை மெச்சுங்கள், கதாசிரியரைக் கும்பிடாதீர்கள்.

இரண்டாவது, சரித்திர நாவல். 'பொன்னியின் செல்வன்' 1950-ல் கல்கி பத்திரிகையில் ஆரம்பித்து 1954 வரை வாரா வாரம் வந்தது. இன்னமும் ஜனங்கள் வாங்கிப் படித்துக்கொண்டே இருக்கின்றார்கள். படிக்கட்டும், சுவையாக எழுதப்பட்டதை இல்லை என்று நாம் ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் நாவலே சரித்திரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். ஆதித்த கரிகாலன் கொலை விஷயமாக உடையார்குடிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்கள் வருகின்றன. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம். பிரமாதிராஜன் என்பது அக்காலத்துப் பார்ப்பன அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். நாவலில் வரும் ரவிதாசனையும் கல்லில் உள்ள ரவிதாசனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள். அத்துடன், எந்தச் சரித்திர நாவலானாலும் ராஜா எத்தனை குதிரை ஏறினார் என்பதோடு நில்லாமல், அந்தக் குதிரைக்குப் புல் அறுத்தவன் கதையில் எங்கே இருக்கிறான் என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, குடும்ப நாவல், காதல் நாவல். இவற்றைப் பெண்கள் படிக்கிற குப்பை என்று ஆண்கள் இகழுவார்கள். அது ஆண்களின் ஆணவமே ஒழிய அபிப்பிராயமல்ல. இவ்வகையில் கேட்க வேண்டியது: கதாநாயகிக்குச் சொந்தமாக ஒரு புத்தி உண்டா? புருஷன் செய்த அக்கிரமங்களை எல்லாம் கடைசி அத்தியாயத்தில் மன்னிப்பதற்காகவே அவளைப் படைத்தார்களா? வேதநாயகம் பிள்ளையின் ஞானாம்பாள் ராஜ்யத்தையே ஆளுகின்றாள். மெத்த சந்தோஷம். ஆனால் ஆண் வேஷம் போட்டுக்கொண்டுதானே ஆள முடிந்தது? 1879-க்கு அது போதும். இன்று வெளிவரும் நாவலிலும் பெண்ணுக்கு வேஷம் தேவைப்பட்டால் அது போதாது என்று தாய்மார்கள்தான் எழுந்து சொல்ல வேண்டும்.

நான்காவது, விஞ்ஞான நாவல். 1980-களில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் ஒரு தலைவனுக்கு நாடே அடங்கி நடக்கின்றது. கடைசியில் அந்தத் தலைவன் மனிதனே அல்ல, வெறும் ஒளியால் ஆன பிம்பம் என்று தெரிய வருகின்றது. கல்லைக் கும்பிட்ட ஜனங்கள் ஒளியைக் கும்பிட எவ்வளவு நேரமாகும்? விஞ்ஞானக் கதை என்றால், யந்திரத்தின் பெயர்களை அடுக்குகின்றதா, அல்லது விஞ்ஞான புத்தியை உண்டாக்குகின்றதா என்று பாருங்கள்.

பேய்க் கதையைக் கூட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ராத்திரி படித்துப் பயந்து, காலையில் எழுந்து சிரிக்கத் தெரிந்தவனுக்கு அதனால் கெடுதி இல்லை. காலையில் வேப்பிலை தேடுகிறவன்தான் அதை மூடி வைக்க வேண்டும்.

இனி, நம்மவர்கள் எழுதிய நாவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1936-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை வெளியிட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்து அறிந்தவர் எழுதியது அது. 1947-ல் அவ்வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டதற்கு அம்மையாரும் அவர் போன்றோரும் செய்த பிரசாரம் பெரிய காரணம். அதற்காக, நம்மவர் எழுதியது எல்லாம் நல்ல நாவல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாமா? கூடாது. கருத்து நல்லதாயிருந்து கதை மட்டமாயிருந்தால், "கருத்து சரி, கதை சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கட்சிக்காகக் கதையைப் புகழுகிறவன், பக்திக்காகப் புராணத்தைப் புகழுகிறவனுக்குத் தம்பி.

தோழர்களே! "நாவலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்?" என்று கேட்கலாம். குடி முழுகினதை நாம் கண்ணால் பார்த்திருக்கின்றோம். பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' 2010-ல் வெளிவந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் குழந்தை இல்லாத ஒரு புருஷனும் பெண்சாதியும், குழந்தை இல்லை என்பதற்காக ஊரும் உறவும் பேசும் பேச்சைச் சகிக்கமாட்டாமல் படும் பாடுதான் கதை. நான்கு வருஷ காலம் அதைப் படித்தவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் கலகம் இல்லை. 2014 டிசம்பரில், ஜாதியின் பெயராலும் மதத்தின் பெயராலும் திரண்டவர்கள் அதைக் கொளுத்தினார்கள். சில பக்கங்களை மாத்திரம் பிரதி எடுத்து ஊருக்குள் கொடுத்தார்கள். கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் ஆசிரியர் மன்னிப்பு எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அதன் பின் அவர், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று தாமே அறிவித்தார். படித்தவர்கள் மனம் நான்கு வருஷமாகப் புண்படவில்லை; படிக்காதவர்கள் மனம் ஒரே வாரத்தில் புண்பட்டுவிட்டது! இது என்ன நியாயம்?

வெளியூரில் எத்தனையோ பேர் கண்டித்தார்கள். ஆனால் அந்த ஊரிலேயே வீட்டுக்கு ஒருவர், "நாம் முழுவதும் படித்தோம், அதில் இருப்பது இது, இல்லாதது இது" என்று தெருவில் வந்து சொல்லியிருந்தால், அந்தப் பிரதித் தாள்களுக்கு அவ்வளவு பலம் வந்திருக்குமா? படித்தவன் வாயை மூடிக்கொண்டால் படிக்காதவன் அபிப்பிராயமே ஊர் அபிப்பிராயமாகிவிடும். 2016 ஜூலை 5-ந் தேதி சென்னை உயர்நீதிமன்றம் நாவலைத் தடை செய்ய மறுத்து, ஆசிரியர் மீண்டும் எழுத வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அவரும் பிறகு ஒரு வெள்ளாட்டின் கதையாகப் 'பூனாச்சி' எழுதினார். நீதிமன்றம் நியாயம் செய்தது சரி. வாசகன் செய்ய வேண்டிய வேலையை எப்பொழுதும் நீதிமன்றமே செய்து கொண்டிருக்க முடியுமா?

"நீங்கள் மாத்திரம் இராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சொல்லவில்லையா?" என்று நம்மைக் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சொன்னது உண்மை. ஆனால் எப்படிச் சொன்னோம்? 1943-ல் தோழர் அண்ணாதுரை அவர்கள், கம்பனைக் கரைத்துக் குடித்த ரா.பி. சேதுப்பிள்ளை அவர்களோடும் நாவலர் சோமசுந்தர பாரதியார் அவர்களோடும் மேடையில் நின்று வாதம் செய்தார். எதிரிக்கும் மேடை கொடுத்து, நூலைப் படித்து, இன்ன காரணத்தால் ஆகாது என்று பேசின காரியம் அது. புராணத்தைப் பற்றிப் பேசினோமே தவிர, எந்தப் புலவரையும் இனி எழுதாதே என்று கையெழுத்து வாங்கவில்லை. ஒரு நூலைப் பிடிக்காதவனுக்குப் பேச வாய் இருக்கிறது, எழுதக் கை இருக்கிறது. அதற்கு மேல் ஒருவனுக்கும் அதிகாரம் வேண்டியதில்லை; நமக்கும் வேண்டியதில்லை.

ஆகவே இந்த வாசகசாலைக்கு ஒரு காரியம் சொல்லுகின்றோம். செலவில்லாத காரியம். ஒரு நோட்டுப் புஸ்தகம் வாங்கி மேஜை மேல் போடுங்கள். புதிய நாவல் ஒன்றைப் படித்து முடித்தவர், கதை இன்னது, பிடித்தது இன்னது, பிடிக்காதது இன்னது, காரணம் இன்னது என்று நாலு வரி எழுதட்டும். முழுவதும் படியாதவர் எழுதக் கூடாது என்பது ஒன்றே விதியாக இருக்கட்டும். எழுதத் தெரியாத தோழருக்கு மாதம் ஒரு நாள் படித்துக் காட்டி, அவர் சொல்லுவதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நாவலை ஒருவர் மெச்சியும் ஒருவர் இகழ்ந்தும் எழுதினால் சண்டை வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். 1948-லேயே இந்த மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்து, வீட்டு வரியோடு நூலக வரியும் கொடுத்து வருகின்றோம். ஆகவே அரசாங்க நூலகத்தில் இருக்கும் புஸ்தகம் உங்கள் பணம். இன்ன நாவல் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இவ்வளவு நேரம் நாம் சொன்ன நாவல்களைப் பற்றிய அபிப்பிராயங்களையும் நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. புஸ்தகத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். உங்கள் புத்திக்கு வேறாகப் பட்டால், அடுத்த கூட்டத்தில் இதே மேடையில் நின்று நம்மை மறுத்துப் பேசுங்கள். அதையே இந்த வாசகசாலை நமக்குச் செய்யும் மரியாதையாக எடுத்துக்கொள்ளுவோம்.