வீட்டுக் களஞ்சியமும் வெளியூர் வாசமும்

ஒருவர் பேசப் பலர் கேட்பது வானொலி. கொழும்பிலே 1925 ஆம் ஆண்டில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அன்றுதொட்டு, எதனை எப்பொழுது ஒலிபரப்புவது என்பதை நிலையமே நிச்சயித்து வந்திருக்கிறது. பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமே நேயருக்கு உரிய சுதந்திரம். இக்காலத்திலோ ஒருவர் தமது இல்லத்திலேயே ஒரு சிறு நிலையத்தை அமைத்துக்கொண்டு, தாம் வெளியூரில் இருக்கும்போது அதிலிருந்து வேண்டியதை வேண்டிய நேரத்தில் கேட்கலாம், பார்க்கலாம். இந்நிலையத்துக்கு ஊடகச் சேவையகம் என்று பெயர். அதனைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

இது வெறும் பொழுதுபோக்குக்கு உரிய விஷயந்தானா என்று சிலர் கேட்கக்கூடும். நம்மவர் வீடுகளில் பழைய ஒலிநாடாக்களும் வீடியோ நாடாக்களும் கிடக்கின்றன. மகளின் அரங்கேற்றம், கோயில் திருவிழா, மறைந்துபோன பாட்டனாரின் குரல் ஆகியன அவற்றில் அடங்கியுள்ளன. ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் நாட்டிலே நாடாக்கள் பூஞ்சணம் பிடித்து அழிகின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றிவைத்தால் மட்டும் போதுமா? பிள்ளைகள் ஒருவர் தோஹாவிலும் மற்றொருவர் தொறன்ரோவிலும் இருப்பாராயின், அவர்களுக்கும் அக்குரல் எட்ட வேண்டுமல்லவா? சந்தா கட்டிப் பார்க்கும் நிறுவனங்களின் திரைப்படங்கள் உரிமக் காலம் முடிந்தவுடன் மறைந்துவிடுவதுண்டு. பாட்டனாரின் குரலோ எந்த நிறுவனத்திடமும் கிடைக்காது. ஆகவே, அதனைப் பேணுவதும் பகிர்வதும் குடும்பத்தாரின் கடமையாகின்றன.

இனி, இது இயங்கும் விதத்தைக் கவனிப்போம். வீட்டில் எப்போதும் இயங்கும் ஒரு கணினி, அதனோடு இணைந்த ஒரு வன்தட்டு, அதனுள் ஒரு சேவையக மென்பொருள் ஆகிய மூன்றும் வேண்டும். பெரிய இயந்திரம் அவசியமில்லை. மென்பொருளானது கோப்புகளை ஒழுங்குபடுத்திப் பெயரிட்டு, நூலகத்துப் பட்டியல்போல் காட்டும். வெளியூரில் இருப்பவர் தமது கைத்தொலைபேசியில் ஒன்றைத் தெரிவு செய்தவுடன், கோப்பு முழுவதும் வந்து சேரும்வரை காத்திராமல், சிறு சிறு துண்டுகளாக வர வரவே அதனைப் பார்க்கலாம். இதுவே ஸ்ட்ரீமிங் எனப்படுவது.

இங்கே ஒரு கணக்கை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் ஓடும் ஒரு படம் இரண்டு மணி நேரத்தில் 3.6 கிகாபைட் அளவை எடுத்துக்கொள்ளும். இவ்வளவும் வீட்டிலிருந்து வெளியே செல்லவேண்டியது. நாம் இணையத்தின் வேகத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் உள்ளே வரும் வேகத்தையே குறிப்பிடுகிறோம். வெளியே செல்லும் வேகம் பல இணைப்புகளில் அதைவிடக் குறைவு. ஹோட்டலில் எவ்வளவு விரைவான இணைப்பு இருந்தாலும், வீட்டின் வெளிச்செல்லும் பாதை குறுகியதாயின் படம் நின்று நின்றே ஓடும். இதற்குப் பரிகாரமாகச் சேவையகம் படத்தை உடனுக்குடன் சுருக்கிச் சிறிதாக்கி அனுப்பும். இவ்வேலை கணினிக்குப் பெருஞ் சுமையாகையால், புறப்படுமுன்னரே ஒரு சிறிய பிரதியைத் தயாரித்து வைப்பது புத்திசாலித்தனம். விமானத்திலோ புகையிரதத்திலோ பார்க்க விரும்புவோர் வீட்டில் இருக்கும்போதே கோப்பைத் தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்வதே சாலச் சிறந்தது.

அடுத்து விலாசம் பற்றிய பிரச்சினை. இணையத்தின் பழைய விலாச முறையில் ஏறக்குறைய 429 கோடி இலக்கங்களே உண்டு. உலகப் பொதுக் கையிருப்பில் இருந்தவை 2011 பெப்ரவரியில் தீர்ந்துபோயின. ஆகையால், சேவை வழங்கும் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே விலாசத்தின் கீழ் வைத்திருக்கின்றன. கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியாக இணையம் பெறும் வீடுகளில் இது சாதாரணம். மாடிக் கட்டடம் ஒன்றின் வாயிலுக்கு மட்டும் விலாசம் இருந்து, உள்ளே உள்ள அறைகளுக்கு இலக்கம் இல்லாவிட்டால் தபாற்காரர் என் செய்வார்? அதேபோன்று, வெளியிலிருந்து வரும் அழைப்பு நமது சேவையகத்தை வந்தடைவதில்லை.

வீட்டுக்குத் தனி விலாசம் இருந்தால், ரவுட்டரில் ஒரு வாயிலைத் திறந்துவிடுவது சிலர் கைக்கொள்ளும் வழி. எளிதானதுதான், ஆயின் அபாயமும் அதிலேயே இருக்கிறது. திறந்த வாயில் உரிமையாளருக்கு மட்டுமன்றி உலகத்தார் அனைவருக்கும் திறந்திருக்கிறது. கடவுச்சொற்களைக் காத்துத் தருவதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022 இல் பெருந் திருட்டு ஒன்று நிகழ்ந்தது. அந்நிறுவனத்துப் பொறியியலாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த ஊடக மென்பொருளின் பழைய பதிப்பே கள்வர்க்கு வழியாயிற்று. அக்குறைபாட்டுக்கான திருத்தமோ 2020 இலேயே வெளியிடப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் அதனை ஏற்றிக்கொள்ளவில்லை. பாட்டுக் கேட்கத் திறந்த சாளரத்தின் வழியே களஞ்சியமே கொள்ளை போகலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

ஆதலால், பாதுகாப்பான வழி மெய்நிகர் தனியார் வலையமைப்பு என்பதே. வீட்டுக் கணினிக்கும் பயணியின் தொலைபேசிக்கும் இடையே மறைகுறியிட்ட ஒரு சுரங்கப் பாதையை அது அமைக்கின்றது. திறவுகோல் உள்ளவரே அதனுள் நுழையலாம். வயர்கார்ட் என்னும் மென்பொருள் இத்தகையது. 2020 இல் அது லினக்ஸ் கருவின் ஓர் அங்கமாகவே சேர்க்கப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள், தனி விலாசம் இல்லாத வீடுகளையும் இணைத்துத் தருகின்றன.

சேவையக மென்பொருள்களில் பிளெக்ஸ், ஜெல்லிஃபின் ஆகிய இரண்டும் பலராலும் கையாளப்படுகின்றன. பிளெக்ஸில் சொந்த வீடியோக்களை வெளியூரிலிருந்து பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் 29 முதல் கட்டணச் சந்தா தேவைப்படுகிறது. ஜெல்லிஃபின் 2018 இல் எம்பி என்னும் மென்பொருளிலிருந்து பிரிந்து தோன்றியது, தொண்டர்களால் வளர்க்கப்படுவது, கட்டணம் அற்றது. முன்னதில் சௌகரியம் அதிகம். பின்னதில் சுதந்திரம் அதிகம். அவரவர் தேவையை நோக்கித் தெரிந்துகொள்ளலாம்.

ஹோட்டல்களில் தங்குவோர் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்றுண்டு. அங்கே வைஃபை இணைப்பைப் பெறுவதற்குப் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் அறை இலக்கத்தையோ வேறு விபரத்தையோ பதிய வேண்டியிருக்கும். தொலைக்காட்சியில் செருகும் சிறு கருவிகள் சில இதனைச் செய்ய மாட்டாமல் திண்டாடும். பயணத்துக்கென உள்ள சிறு ரவுட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுசென்றால், ஒருமுறை பதிந்ததும் எல்லாக் கருவிகளும் அதன் வழியே இணைந்துவிடும்.

இறுதியாக, மின்சாரம். 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மின்சாரம் நின்றால் வீட்டு நிலையமும் நிற்கும். திடீரென்று நிற்பது வன்தட்டுக்கும் கேடு. ஒரு சிறு மின்கல வைப்புக் கருவி கணினியை முறைப்படி நிறுத்துவதற்கு வேண்டிய அவகாசத்தைத் தரும். மின்சாரம் மீண்டதும் கணினி தானாகவே இயங்கத் தொடங்குமாறு புறப்படுமுன் அமைத்துவிடுதலும் அவசியம். இல்லையேல், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு பொத்தானை அழுத்த இயலாமல் தவிக்க நேரும். இடி மின்னல் காலத்தில் அபாயம் இன்னும் பெரிது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கூறுகிறேன். சேவையகத்தில் இருப்பது ஒரே ஒரு பிரதியாயின் அது பாதுகாப்பு ஆகாது. வன்தட்டு என்றோ ஒருநாள் பழுதடையும். ஆகவே, இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில், உறவினர் ஒருவரிடமாவது கொடுத்து வையுங்கள். எங்கிருந்தும் பார்க்கலாம் என்னும் சௌகரியத்தில் மயங்கி, பார்க்கப்படும் பொருளை இழந்துவிடலாகாது. பாட்டனாரின் குரல் இரண்டு இடங்களில் பத்திரமாக இருந்தால்தான், அதனை மூன்றாவது இடத்திலிருந்து கேட்பதில் அர்த்தம் உண்டு.