சொன்னால் படிப்பு நிற்காது

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

அண்ணா பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பு வெளியான சில நாட்களில், ஒரு தந்தை தம் மகளோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். "இந்தப் பிள்ளைக்கு இனி உதவித்தொகை வேண்டாம். வேறு யாருக்காவது கொடுங்கள். சென்னைக்கு அனுப்ப மனசு வரவில்லை" என்றார். அவர் கல்விக்கு எதிரானவர் அல்லர். அதிகாலை ரயிலுக்கு மகளை வண்டியில் கொண்டுவந்து விடுகிற தகப்பன். அவருடைய அச்சம் நம் எல்லோருடைய அச்சம்தான்.

அந்த வழக்கை ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம். 2024 டிசம்பர் 23 இரவு, கிண்டி வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளி அங்கே படிப்பவனோ வேலை செய்பவனோ அல்லன். வெளியே சாலையோரம் பிரியாணிக் கடை நடத்தியவன். வளாகத்துக்குள் அவனால் தடையில்லாமல் நடமாட முடிந்தது. அந்த மாணவியோ பயந்து ஒடுங்கிவிடவில்லை. புகார் கொடுத்தார். ஓரிரு நாளில் கைது நடந்தது. முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து அவருடைய அடையாளம் தெரிய வந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஜூன் 2 அன்று மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பே கூடாது என்றும் சொன்னது.

சம்பவம் நடந்து ஆறு மாதம் முடிவதற்குள் தீர்ப்பு. இத்தனைக்கும் தொடக்கம் எது? அந்தப் பெண் வாய் திறந்து சொன்னதுதான்.

இதை அந்தத் தந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மகள் மெல்லச் சொன்னாள்: "காலேஜில் எது நடந்தாலும் வீட்டில் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் அத்தா. சொன்னா இப்படித்தான் நிறுத்திடுவீங்க."

அவரால் பதில் பேச முடியவில்லை. எங்களாலும்தான். பிள்ளையைக் காப்பதாக நினைத்து நாம் செய்கிற காரியமே அவள் வாயை அடைத்துவிடுகிறது. தவறு செய்கிறவன் நம்பியிருப்பதும் அந்த மௌனத்தைத்தானே?

அப்படியானால் வளாகப் பாதுகாப்பை எப்படிச் சரிபார்ப்பது? நம் ஊர் ஆடிக் கிருத்திகையை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கான மக்கள் வருகிறார்கள். யாரும் வராதீர்கள் என்றா சொல்கிறோம்? விளக்குப் போடுகிறார்கள், காவலர்களை நிறுத்துகிறார்கள், உதவி மையம் திறக்கிறார்கள். பிள்ளையைத் தொலைத்தவருக்கு எங்கே போய்ச் சொல்வது என்று தெரிகிறது. கல்லூரிக்கும் அதே கணக்குத்தான்.

2012 டெல்லி கொடுமைக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு இதை ஆராய்ந்தது. பின்னர் விதிமுறைகளும் கொண்டுவந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை மாணவியர் விடுதியில் மட்டும் விதிக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. ஆகவே சேர்க்கைக்குப் போகும்போது கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பாதீர்கள். இவற்றையும் கேளுங்கள்:

1. உள்ளகப் புகார் குழுவில் யார் யார்? பெயரும் தொலைபேசி எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதப்பட்டிருக்கிறதா? தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். மாணவர் தொடர்பான புகாரில் மாணவர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும்.

2. நூலகத்திலிருந்தும் ஆய்வகத்திலிருந்தும் விடுதி வரை வெளிச்சம் இருக்கிறதா? பகலில் பார்த்தால் தெரியாது. மாலை மயங்கிய பின் நடந்து பாருங்கள்.

3. வாயிலில் மாணவியின் அடையாள அட்டையை மட்டும்தான் பார்க்கிறார்களா, வெளியாட்களையும் நிறுத்திக் கேட்கிறார்களா? மதில் இடிந்த இடம், பூட்டாத பக்கவாசல் உண்டா?

4. கேமரா இருக்கிறது என்பார்கள். வேலை செய்கிறதா, பதிவை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்?

5. பெண் காவலர்கள் இருக்கிறார்களா? இரவில் மருத்துவ உதவிக்கும் வாகனத்துக்கும் யாரை அழைப்பது?

மகன்களைப் பெற்றவர்களும் இதைக் கேளுங்கள். 1996இல் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் நாவரசு என்ற மருத்துவ மாணவர், சீனியர் மாணவரால் கொல்லப்பட்டார். அதன் பிறகே 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஆண் பிள்ளையும் பயந்தால் வீட்டில் சொல்ல வேண்டும். "ஆம்பளைப் பிள்ளை, சமாளிச்சுக்கோ" என்று தள்ளிவிடாதீர்கள்.

சட்டத்தில் மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். சம்பவம் சென்னையில் நடந்தாலும் திருத்தணிக் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லை காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வாட்ஸ்அப்பில் வருவதை அனுப்புகிறவர்கள் யோசிக்க வேண்டும். கல்லூரிக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

நம் அறக்கட்டளையும் சில முடிவுகள் எடுத்திருக்கிறது. புகார் கொடுத்த எந்த மாணவிக்கும் உதவித்தொகை நிற்காது. கல்லூரியோ ஊரோ மாற நேர்ந்தாலும் தொடரும். காவல் நிலையத்துக்கோ கல்லூரிக்கோ துணைக்கு வர நம் மகளிர் குழுவில் ஆட்கள் உண்டு. அவள் பெயர் நம் பதிவேட்டில் ஏறாது. அவள் சொன்னது நம்மிடம் அமானிதம்.

மற்றது வீட்டில் நடக்க வேண்டியது. இன்று இரவு சாப்பிட உட்காரும்போது உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "எது நடந்தாலும் எங்கிட்ட சொல்லு. சொன்னதுக்காக உன் படிப்பு நிக்காது."

அந்தத் தந்தை அன்று தம் மகளிடம் அதைத்தான் சொன்னார். உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு போனார். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை இன்றும் அதே காலை ரயிலில்தான் போய்வருகிறாள்.