எண்ணிக்கையும் எண்ணமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தமிழில் எண்ணுதல் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று இரண்டு எனத் தொகையிடுதல் ஒரு பொருள். நெஞ்சில் வைத்துக் கருதுதல் மற்றொரு பொருள். எண்ணிக்கையும் எண்ணமும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆயினும் நாட்டு நடைமுறையில் இவ்விரண்டும் பிரிந்து நிற்கும் இடங்கள் உள்ளன. ஒரு மனிதனின் தலையை எண்ணிக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அவன் கருத்தை எண்ணாமல் விட்டுவிட முடிகிறது. திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் விரிந்துள்ள தொழிற்பகுதி அத்தகைய இடமாகி வருகிறது. அதுவே இவ்வுரையின் பொருள்.

இச்சிக்கல் மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் சிறைச்சாலை. மக்கள்தொகைக் கணக்கில் 'நிறுவனக் குடும்பம்' என்றொரு வகை உண்டு. உறவினர் அல்லாத பலர் ஒரு நிறுவனத்தில் தங்கி, ஒரே சமையலறையில் உண்டு வாழ்ந்தால் அவர்கள் இவ்வகையில் அடங்குவர். சிறை, மாணவர் விடுதி, முதியோர் இல்லம், ஆசிரமம் ஆகியன இதில் சேரும். ஆகவே, புழல் சிறையில் இருப்பவர் புழலின் மக்கள்தொகையில் ஒருவராகிறார். ஆனால் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவோ, சிறையில் அடைக்கப்பட்டிருப்பதனாலேயே ஒருவர் அவ்விடத்தில் வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார் என்கிறது. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, தடுப்புக் காவலில் உள்ளோர் நீங்கலாக, சிறையிலிருப்போர் எவரும் வாக்களிக்கலாகாது என்கிறது. தலை புழலில், பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில், வாக்கு எங்கும் இல்லை. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் நான்கில் மூவர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். 1977-இல் ஜார்ஜ் பெர்னாண்டஸ் சிறையிலிருந்தபடியே முசாபர்பூரில் போட்டியிட்டு வென்றார். சிறையிலிருந்து வாக்குக் கேட்கலாம், வாக்களிக்கத்தான் இயலாது.

தலை எங்கே எண்ணப்பட்டால் என்ன என்று கேட்கலாம். தொகுதிகளின் எல்லை மக்கள்தொகையைக் கொண்டே வகுக்கப்படுகிறது. வாக்கற்ற தலைகள் ஓரிடத்தில் குவிந்தால், அங்கே வாக்குள்ள சிலரின் கை ஓங்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அனமோசா என்னும் சிற்றூரின் ஒரு வட்டத்தில் இருந்தோர் ஏறத்தாழ 1,400 பேர்; அவர்களுள் 1,300 பேர் அளவில் சிறைவாசிகள். 2005-இல் அவ்வட்டத்தின் நகரமன்ற உறுப்பினர் இரண்டே வாக்குகள் பெற்றுத் தேர்வானார். இத்தகைய நிலையைக் கண்டுதான் மேரிலாந்தும் நியூயார்க்கும் 2010-இல் சட்டம் இயற்றி, தொகுதி வகுக்கையில் சிறைவாசியை அவர் முன்பு வாழ்ந்த ஊரின் கணக்கில் சேர்த்தன.

இந்தியாவில் சிறைவாசிகளின் தொகை ஒரு மக்களவைத் தொகுதியின் எல்லையை அசைக்கும் அளவினதன்று. ஆனால் அதே நிறுவனக் குடும்பம் என்னும் வகையில் அடங்கக்கூடிய வேறொரு கூட்டம் திருப்பெரும்புதூர்ப் பகுதியில் பெருகி நிற்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் பெண் தொழிலாளர்க்கென ஒரு விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அதில் தங்கக்கூடியோர் 18,720 பேர். தமிழ்நாட்டின் சிற்றூர் மக்களை ஊராட்சிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக மூவாயிரம் பேர் வருவர். ஆறு ஊராட்சிகளின் மக்கள் ஒரே வளாகத்தில் உறங்கி எழ இடம் உண்டு. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்த கணக்கெடுப்பில், அவ்விருபது நாளும் ஊரில் இல்லாதவர் ஊர்க்கணக்கில் சேரவில்லை. அவர் தங்கியிருந்த இடத்திலேயே எண்ணப்பட்டார். இவ்விதி தொடருமானால், திருவண்ணாமலையிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்து விடுதியில் தங்கும் பெண்ணின் தலை வல்லத்தில் எண்ணப்படும். வாக்கு ஊரில் கிடக்கும்.

விடுதி சிறையன்று. அங்கே தங்குபவர் தம் விருப்பில் வந்தவர். நாளையே கிளம்பிப் போகலாம். இவ்வேறுபாடு பெரிது, அதை மறைப்பது இரு சாராருக்கும் அநீதி. ஆனால் எண்ணுபவரின் ஏட்டில் இருவர் நிலையும் ஒன்றாகிவிடுகிறது.

இப்பகுதியில் எதிர்த்திசைக் குறை ஒன்றும் உண்டு. இன்றைய தொகுதி எல்லைகள் 2001-ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு 2008-இல் வகுக்கப்பட்டவை. அக்கணக்கு எடுத்த நாளில் ஒரகடத்தின் பெருந்தொழிற்சாலைகள் பல எழுந்திருக்கவில்லை. 2001-இல் 28.8 லட்சமாக இருந்த காஞ்சிபுரம் மாவட்ட மக்கள்தொகை 2011-இல் ஏறத்தாழ 40 லட்சமானது. 2024 தேர்தலில் திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதியின் வாக்காளர் 23 லட்சத்துக்கும் மேல். நாகப்பட்டினத்தில் 13 லட்சமே. ஓர் உறுப்பினர் இங்கும், ஓர் உறுப்பினர் அங்கும். இங்கு வாழும் வாக்காளரின் குரல் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. வருங்கணக்கு அதைச் சரிசெய்யும்போது யாரைச் சேர்த்துச் சரிசெய்யும் என்பதே வினா.

தமிழ்நாட்டுப் பெண் தேர்தல் நாளில் பேருந்தேறி ஊர் சென்று வாக்களிக்க முடியும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்க்கு ஒரு வாக்கின் விலை பல நாள் கூலியும் நெடுந்தொலைவு இரயில் பயணமும் ஆகும். 2025-இல் பீகாரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது, ஆகஸ்டில் வெளியான வரைவிலிருந்து ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அவற்றுள் 36 லட்சம் அளவிலானவை, ஊரைவிட்டு நிலையாகப் பெயர்ந்தோர் அல்லது காணப்படாதோர் என்னும் காரணத்தால் விடுபட்டவை. பிழைப்புக்காக ஊரை விட்டவன், ஊரில் இல்லை என்பதற்காகவே பெயரை இழக்கும் நிலை இது. பிழைக்க வந்த ஊரிலோ அவன் தலை மட்டும் எண்ணப்படும்.

இந்நிலையைத் தமிழினம் ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 1947-இல் இலங்கையின் முதல் நாடாளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அவ்வெழுவருள் தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை, மலையகத் தோட்டப் பாடல்களைத் தொகுத்தவர், 'வீடற்றவன்' என்னும் நாவலை எழுதியவர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதன்பின் வந்த சட்டங்களும் தேயிலைத் தோட்டத் தமிழர் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்கூட நாடாளுமன்றம் செல்லவில்லை.

வாக்கைப் பறித்தவர்கள் தலைக்கணக்கை விட்டுவிடவில்லை. சோல்பரி அரசியலமைப்பு 75,000 மக்களுக்கு ஓர் இடம் என்று வகுத்திருந்தது. மக்கள் என்றால் குடியுரிமை இல்லாதவரும் அடங்குவர். 1959-இல் அரசியலமைப்பைத் திருத்தி எல்லைகளை மறுவரையறை செய்தபோதும் மொத்த மக்கள்தொகையே அளவுகோலாக நின்றது. இலங்கைத் தமிழர் குடிசன மதிப்பு என்று வழங்கும் கணக்கெடுப்பில் தோட்டத் தொழிலாளர் தலைகள் எண்ணப்பட்டன. அத்தலைகளின் பேரில் மலைநாட்டுக்கு இடங்கள் கிடைத்தன. அவ்விடங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தவர்கள் சுற்றியிருந்த சிங்கள வாக்காளர்கள். கொழுந்து பறித்தவள் மற்றவர் வாக்கின் எடையைக் கூட்டும் படிக்கல் ஆனாள். எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இக்கதையைக் கேட்டுக் கொதிக்காத தமிழ் நெஞ்சம் இல்லை. அக்கொதிப்புடன் ஒரகடத்தை நோக்க வேண்டியிருக்கிறது. மக்கள்தொகை வளர்ச்சி குறைந்ததால் தமிழகம் 1967-இல் மக்களவையில் 41 இடங்களிலிருந்து 39-க்கு இறங்கியது. 2001-ஆம் ஆண்டின் 84-ஆம் திருத்தம், 2026-க்குப்பின் எடுக்கப்படும் முதற்கணக்கு வரையில் மாநிலங்களுக்குரிய இட எண்ணிக்கையை நிறுத்திவைத்தது. 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு கணக்கெடுப்பு நடக்கும் என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. இடங்கள் குறையக்கூடாது என்னும் தமிழகத்தின் கவலை நியாயமானது. அக்கணக்கில் வடமாநிலத் தொழிலாளியின் தலை தமிழகத்தின் தலைகளோடு சேர்ந்து நிற்கும். அதை வேண்டாமென எவரும் தள்ளப்போவதில்லை. அதே தொழிலாளி வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வந்தால் ஊரார் முகம் மாறுகிறது. தலையை வரவேற்று வாக்கை அஞ்சுவது, மலையகத்தில் நம்மவர்க்கு இழைக்கப்பட்டதைச் சிறிய அளவில் நாமே செய்வதாகும்.

ஊராரின் அச்சத்தை எள்ளி நகையாடவும் வேண்டியதில்லை. ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்து போகிறவர் ஏரியையும் பள்ளியையும் பற்றி முடிவெடுக்கலாமா என்று அவர்கள் கேட்கின்றனர். ஊரில் வேர்விடாதவருக்கு வாக்கைத் திணிக்க வேண்டியதில்லை. தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தந்தால் போதும். சட்டத்தில் கதவு அடைபட்டிருக்கவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், பெற்றோர் ஊரிலோ விடுதி உள்ள ஊரிலோ பெயர் பதியலாம். வீடற்றவர் இரவில் எங்கே உறங்குகிறார் என்பதை நேரில் பார்த்து அவர் பெயரைப் பதியவும் தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை இடந்தருகிறது. நடைபாதையில் உறங்குபவருக்கு உள்ள வழி விடுதிக் கட்டிலில் உறங்குபவருக்கு எட்டாதிருக்கக் காரணமில்லை. தொலைவிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க ஓர் இயந்திரத்தை 2023 ஜனவரியில் ஆணையம் கட்சிகளின் முன் வைத்தது. பல கட்சிகள் ஐயம் எழுப்பவே அது நடைமுறைக்கு வரவில்லை. ஐயங்களைத் தீர்த்து அதை மீண்டும் எடுக்கலாம். இவற்றுள் ஒன்றும் இயலாதெனில், மேரிலாந்து சிறைவாசிக்குச் செய்ததுபோல, எல்லை வகுக்கும்போதாவது தலையை வாக்குள்ள ஊரின் கணக்கில் சேர்ப்பதே நேர்மை.

இலக்கிய வட்டத்தில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கணக்கெடுப்பவர் கேட்கும் கேள்விகளுக்கு ஏட்டில் கட்டங்கள் உண்டு. எண்ணத்துக்குக் கட்டம் இல்லை. அதை எழுதும் பொறுப்பு மலையகத்தில் ஒரு கவிஞர் மேல் விழுந்தது. வாக்குப் போன பின்னும் அவர் எழுத்து போகவில்லை. வல்லம் விடுதிகளிலும் ஒரகடத்துக் கொட்டகைகளிலும் தமிழிலும் போச்புரியிலும் ஒடியாவிலும் பாட்டுக் கட்டுவோர் இருப்பர். அவர்களைத் தேடிச் சென்று கேட்பது வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணியாகட்டும்.