வெடிக்கு முன் ஒரு வாசிப்பு: அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள்



நிலவியலாளர், தொல்லுயிரியலாளர், சிமெண்ட் ஆலையின் தர ஆய்வாளர் ஆகிய மூவரும் அரியலூர் வட்டாரத்தின் ஒரே பாறையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் படிப்பது அரிது. அவர்களை ஒரே அரங்கில் உட்கார வைத்திருப்பதே இக்கருத்தரங்கின் முதல் பயன்.

இந்தப் பாறைகள் மீதான ஆய்வு ஏறத்தாழ 180 ஆண்டுப் பழமை உடையது. கேய், கன்லிஃப் என்ற இருவர் தென்னிந்தியாவில் திரட்டிய தொல்லுயிர் எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து எழுதினார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எச். எஃப். பிளான்ஃபோர்டு 1860களின் தொடக்கத்தில் அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பகுத்தார். மொராவியாவில் பிறந்த ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா, அவற்றில் கிடைத்த அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் பவளங்களையும் பல தொகுதிகளாக இனம் பிரித்து எழுதினார். பிளான்ஃபோர்டின் பெயர்கள் இன்றும் பாடநூல்களில் நிலைத்திருக்கின்றன. ஓடைக்கரையிலும் வயல்வெளியிலும் தலைகாட்டிய பாறையே அன்றைய ஆய்வாளர்களுக்குப் பெரிதும் ஆதாரம். நீளமும் ஆழமும் உள்ள வெட்டுமுகங்களைப் பின்னால் கொடுத்தது சிமெண்ட் தொழில்.

கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை 1939இல் தொடங்கியது. இந்தியா அண்டார்டிகாவை விட்டு விலகிய காலத்தில் கிழக்குக் கரையோரம் பிளந்து தாழ்ந்த பள்ளங்களுள் ஒன்று காவிரிப் படுகை. கல்லக்குடி அமைந்த அதன் மேற்கு விளிம்பில், பழைய நைஸ் பாறைத் தரை மீது கடல் ஏறியது. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே ஆழமற்ற நீரில் பவளமும் சுண்ணாம்புப் பாசியும் வளர்ந்தன. அடியில் சாம்பல் நிற ஷேல், அதன் மேல் பவளமும் பாசியும் கலந்த சுண்ணாம்புக்கல், அதற்கும் மேல் களி கலந்த மார்ல் என்ற வரிசையை அந்த ஆலையின் சுரங்கம்தான் வெளிக்காட்டியது. கல்லுக்கிடையே அடித்தளப் பாறையின் பெருங்கற்களும் புதைந்து கிடக்கின்றன. கரை அருகில் இருந்ததற்கு அவையே சான்று.

அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சியில் காட்சி வேறு. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையான இந்தச் சுண்ணாம்புக்கல்லின் சில அடுக்குகளில் கிரைஃபியா என்ற தடித்த ஓட்டுச் சிப்பிகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றைக் கையில் எடுத்து உடைந்த விளிம்பைப் பார்த்தால், ஓடு ஏடு ஏடாகப் படிந்திருப்பது தெரியும். பக்கத்தில் கிடக்கும் ஐனோசெராமஸ் என்ற மற்றொரு சிப்பியின் ஓட்டுத் துண்டிலோ கால்சைட் படிகங்கள் மேற்பரப்புக்குச் செங்குத்தாக, நெருக்கமாக நிற்கும். அதைக் காண உருப்பெருக்கி தேவையில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் இரண்டும் பொங்கி நுரைக்கும்.

இந்த ஓடுகள் தப்பியதற்குக் காரணம் அவற்றின் கனிமம். சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சைட். அம்மோனைட்டும் பெரும்பாலான நத்தைகளும் கட்டிய ஓடு அரகோனைட். இரண்டும் கால்சியம் கார்பனேட்தான். ஆனால் அரகோனைட் எளிதில் கரைந்துவிடும். கரைந்தது அருகிலேயே கால்சைட்டாகப் படிந்து, துகள்களைப் பசைபோல ஒட்டவைக்கும். ஆகவே ஒரு சிப்பிப் படுகையில் கண்ணுக்குத் தெரியும் உயிர்களை மட்டும் எண்ணி, அன்றைய கடலில் வாழ்ந்தவை இவ்வளவுதான் என்று முடிவு கட்ட முடியாது.

ஆலைக்குள் அதே கனிமத்துக்கு வேறு கணக்கு. தூய கால்சைட் 100 டன்னைச் சுட்டால் 56 டன் சுண்ணாம்பு மிஞ்சும். 44 டன் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸில், அரைத்தால் சிமெண்டாகும் கிளிங்கர் உருவாகச் சிலிக்காவும் அலுமினாவும் இரும்பும் வேண்டும். களி கலந்த மார்ல் பயன்படுவது இதனால்தான். மக்னீசியா அளவு மீறினால் ஆபத்து. கான்கிரீட் இறுகிய பிறகும் அது மெல்ல நீரேற்று விரிந்து விரிசல் உண்டாக்கும். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் மக்னீசியா 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர விதி.

ஆகவே வெடித்துளையிலிருந்து வரும் தூள் ஆய்வகத்துக்குப் போகிறது. எந்தப் பெஞ்சின் (சுரங்கத்தில் படிபோல் வெட்டிய தளத்தின்) கல்லை எதனுடன் கலப்பது என்பதை அந்த முடிவுகள் சொல்லும். சிலிக்கா கூடும் இடத்தில் நிலத்திலிருந்து மணலும் களியும் வந்து சேர்ந்த வரலாறு இருக்கலாம். மக்னீசியா கூடும் இடத்தில் கல் டோலமைட்டாக மாறிய தடம் இருக்கலாம். கலவை முடிந்ததும் அந்த எண்களுக்கு வேலை முடிந்துவிடுவதுதான் வருத்தம். பாறையும் கிரஷருக்குப் போய்விடுகிறது. அதைப் பற்றிய குறிப்பும் கோப்பில் உறங்கிவிடுகிறது.

இழப்பு எப்படி நேரும் என்பதற்கு அரியலூர் மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கல்லமேட்டில் கிடைத்த பேருருவ டைனோசருக்கு 1987இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்டது. அந்த எலும்புகள் இன்று இல்லை, சிதைந்து போயின. எஞ்சிய படங்களையும் அளவுகளையும் வைத்துத்தான் அதன் உருவம் பற்றிய விவாதம் இன்றும் நடக்கிறது. பதிவு இருந்ததால் விவாதமாவது மிஞ்சியது.

சுரங்கத்தை மூடச் சொல்வது இந்த உரையின் நோக்கம் அன்று. வெட்டுமுகத்தைத் திறந்து தருவதும் சுரங்கம்தான், அழிப்பதும் அதுதான். திறப்புக்கும் அழிப்புக்கும் இடைப்பட்ட சில நாட்களை ஆய்வுக்குப் பெற்றுத் தர வேண்டும். அதற்காக மூன்று தீர்மானங்கள் இந்த அவையின் முன் வைக்கப்படுகின்றன. முதலாவது, ஒவ்வொரு பெஞ்சையும் வெடிக்கு முன் அளவுகோலுடன் படம் எடுத்து, அடுக்கு வாரியாகக் குறித்து, மாதிரி எடுத்து வைப்பது. இரண்டாவது, வெடித்துளை வேதியியல் முடிவுகளை இருப்பிடக் குறிப்புடன் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குத் திறந்து விடுவது. மூன்றாவது, சுரங்க மூடல் திட்டத்திலேயே ஒரு முழுமையான வெட்டுமுகத்தை வெட்டாமல் விட்டுவைக்க இடம் ஒதுக்குவது. மழைநீர் நிரம்பியபின் அந்த இடத்தைத் தேட முடியாது.

முதல் அமர்வு வெட்டுமுகப் பதிவு முறைகளைப் பற்றியது. பிற்பகல் அமர்வில் ஆலை வேதியியலாளர்கள் தங்கள் தரவுகளை முன்வைக்கிறார்கள். தொல்லுயிரியலாளர்கள் கடைசி வரை இருந்து கேள்வி கேட்க வேண்டும். மூன்று தீர்மானங்களும் நிறைவு அமர்வில் விவாதத்துக்கு வரும். கருத்தரங்கு தொடங்குகிறது.