தலையெழுத்தும் கணக்குத் தலைப்பும்

(தாம்பரத்தில் ஒரு பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நமது மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டமும் சொத்து வரியும் ஆகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "இது கணக்குப்பிள்ளைகள் சமாச்சாரமாயிற்றே, இதற்கு ஒரு பொதுக்கூட்டமா?" என்று நினைக்கக்கூடும். அப்படி நினைப்பதுதான் நம்முடைய வியாதி என்று சொல்லுவதற்கே நான் வந்திருக்கிறேன்.

நம் மக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புரியாத எதுவானாலும் அது பெரிய விஷயம் என்று எண்ணிக் கும்பிட்டுவிடுவார்கள். புரோகிதன் சொல்லும் மந்திரத்துக்கு அர்த்தம் என்ன என்று கேட்பதில்லை. தட்சிணை மாத்திரம் கொடுத்துவிடுகிறோம். அதே மாதிரி, மாநகராட்சி மன்றத்தில் வருஷா வருஷம் ஒரு புத்தகம் படிக்கப்படுகிறது. அதன் அர்த்தத்தையும் நாம் கேட்பதில்லை. வரியை மாத்திரம் கட்டுகிறோம். பிறகு தெருவில் சாக்கடை தேங்கினால் "நம் தலையெழுத்து" என்று நெற்றியில் அடித்துக்கொள்ளுகிறோம். உங்கள் நெற்றியில் ஒன்றும் எழுதியில்லை, தோழர்களே! எழுதியிருப்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதிலே "மழைநீர் வடிகால்" என்று ஒரு கணக்குத் தலைப்பு இருக்கும். அதற்கு நேரே ஒரு தொகை இருக்கும். உங்கள் தெருவின் தலையெழுத்து அவ்வளவுதான்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதியை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த ஒரு நாள் மழை தாம்பரத்தில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் தண்ணீரில் நின்றன. அப்போது சிலர் இது வருண பகவான் கோபம் என்றார்கள். சிலர் கிரகத்தின் மேல் பழி போட்டார்கள். பெய்தது இயற்கை, ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் பெய்த தண்ணீர் போகிற வழியில் வீடு கட்ட அனுமதித்தது யார்? ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த கால்வாயை அகலமாக வைத்திருக்க எந்த வருஷக் கணக்கில் எவ்வளவு ஒதுக்கினார்கள்? இந்தக் கேள்விக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் பதில் கிடையாது. ஆற்றுக்கான பணம் மாகாண அரசின் கணக்கிலும், தெரு வடிகாலுக்கான பணம் ஊராட்சி, நகராட்சிக் கணக்கிலும்தான் இருக்கும்.

மன்றம் பிறந்த கதை

முதலில் இந்த மன்றம் என்பது எதற்காக உண்டாயிற்று என்பதைச் சொல்லுகிறேன். சென்னை மாநகராட்சி 1688-இல் தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு நம்மீது கருணை பிறந்து அதை ஏற்படுத்திவிடவில்லை. கோட்டைக்காரன் விதிக்கும் வரியை ஜனங்கள் கட்ட மறுத்தார்கள். தங்கள் மனிதர்கள் உட்கார்ந்த சபை விதித்தால் முணுமுணுக்காமல் கட்டுவார்கள் என்று கம்பெனிக்காரன் கணக்குப் போட்டான். ஆகவே வரி வாங்குவதற்காகத்தான் மன்றம் பிறந்தது. அதனால்தான் சொல்லுகிறேன், வரியைப் பற்றிக் கேள்வி கேட்காத குடிமகன், மன்றத்தைக் கம்பெனிக்காரன் நினைத்த இடத்திலேயே வைத்திருக்கிறவன் ஆகிறான்.

பிற்காலத்திலும் வெகுநாள் வரைக்கும் வரி கட்டுகிறவனுக்கும் சொத்துள்ளவனுக்கும்தான் நகரசபை ஓட்டு இருந்தது. குடிசையில் இருக்கிறவனுக்கும், வீட்டிலிருக்கிற பெண்ணுக்கும் அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். இன்று அந்த நிலைமை மாறியிருக்கிறது. தாம்பரம், பல்லாவரம், செம்பாக்கம், பம்மல், அனகாபுத்தூர் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஏற்பட்டது. 1934-லும் 1944-லும் நாம் மேடையில் பேசினால் சிரித்திருப்பார்கள். 2022-இல் இந்த மாநகராட்சியின் முதல் மேயர் பதவி தாழ்த்தப்பட்ட சமுதாயப் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டு, தோழர் வசந்தகுமாரி அவர்கள் அதில் அமர்ந்தார். சந்தோஷம். ஆனால் நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்தால் மட்டும் போதுமா? அந்த நாற்காலியிலிருந்து படிக்கப்படும் கணக்கு நமக்குப் புரியவேண்டாமா?

வரி எப்படிப் போடுகிறார்கள்?

வரி போடுவதில் மர்மம் ஒன்றும் இல்லை. உங்கள் கட்டடத்தின் சதுர அடியை அளக்கிறார்கள். உங்கள் தெருவுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விகிதம் உண்டு. இரண்டையும் பெருக்கினால் அந்த வீட்டுக்கு மாதம் என்ன வாடகை வரக்கூடும் என்ற மதிப்பு வருகிறது. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, கட்டடத்தின் வயதுக்காகக் கொஞ்சம் கழித்து, மீதியின் மேல் ஒரு சதவீதம் போட்டு, அரையாண்டுக்கு ஒரு தவணையாக வசூலிக்கிறார்கள். அந்த ரசீதில் நூலக வரி என்று பத்தில் ஒரு பங்கு சேர்ந்திருக்கும். 1948-இல் நம் மாகாணத்தில் செய்த பொது நூலகச் சட்டத்தின் பயன் அது. நீங்கள் நூலகப் படி ஏறாவிட்டாலும் அதற்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்!

வாடகை வீட்டில் இருக்கும் தோழர்கள், "எனக்குச் சொந்த வீடா இருக்கிறது, எனக்கேன் இந்தப் பேச்சு?" என்பார்கள். வீட்டுக்காரன் அந்த வரியைத் தன் சட்டைப் பையிலிருந்தா கொடுக்கிறான்? வாடகையோடு சேர்த்து உன்னிடம் வாங்கித்தான் கொடுக்கிறான். ரசீது அவன் பேரில், பணம் உன்னுடையது.

பதினான்கு வருஷத் தூக்கம்

2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது ஊரெல்லாம் கூச்சல் எழுந்தது. தாம்பரம் போன்ற இடங்களில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு 25 சதவீதமும், 1,200 வரை 50 சதவீதமும், 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேற்பட்டதற்கு 100 சதவீதமும் உயர்த்தினார்கள். கடைக்கும் 100 சதவீதம். சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம் என்ற அந்த முறை நியாயமானதே என்பது என் அபிப்பிராயம். உதாரணமாக, அரையாண்டுக்கு 800 ரூபாய் கட்டிவந்த 500 சதுர அடி வீட்டுக்காரனுக்கு அது 1,000 ஆயிற்று. மாதக் கணக்கில் பார்த்தால் 167 ரூபாய் வருகிறது. தோஷ பரிகாரத்துக்கும் ஜாதகப் பொருத்தத்துக்கும் இதைவிட எவ்வளவு கொடுக்கிறோம் என்று அவனவன் வீட்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. சென்னை தவிர்த்த ஊர்களில் அதற்கு முன்னே வரியைப் பொதுவாகத் திருத்தியது 2008-இல், சென்னையில் 1998-இல். நடுவே 2018-இல் உயர்த்தினார்கள், 2019-இல் நிறுத்திவைத்தார்கள். தார் விலையும் கூலியும் மின்சாரமும் பதினான்கு வருஷம் சும்மா இருந்தனவா? ஓட்டுக்குப் பயந்து உயர்த்தாமல் இருந்து, பிறகு மத்திய நிதிக்குழு "வரியைச் சீர்திருத்தினால்தான் மானியம்" என்று நிபந்தனை போட்டவுடன் ஒரே அடியாக ஏற்றினால் ஏழைக்கு அது அடியாகத்தான் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, காரணம் சொல்லி, கேட்டுச் செய்திருந்தால் இந்தக் கூச்சல் ஏது?

இதைவிடப் பெரிய அக்கிரமம் ஒன்று நடந்தது. அதற்கு யாரும் கூச்சல் போடவில்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சி உறுப்பினர்களின் காலம் முடிந்தது. நகரங்களுக்கு மறு தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேல் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லாமல், தனி அலுவலர்களே வரவையும் செலவையும் எழுதி, அவர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தவேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்லியிருக்கிறது. இருந்தும் நாம் தூங்கினோம். கோயில் தேர் ஒரு வருஷம் ஓடாவிட்டால் ஊருக்கு ஆகாது என்று துடிக்கிறவர்கள், தேர்தல் ஐந்து வருஷம் ஓடாதபோது ஏன் துடிக்கவில்லை?

யார் கொடுக்கவில்லை?

"வரியைக் குறை" என்று சொல்லுவது சுலபம். அதற்கு முன், யார் கொடுக்காமல் இருக்கிறார்கள் என்று கேட்கவேண்டும். மூன்று மாடி கட்டியவன் கணக்கில் ஒரு மாடி மட்டும் இருக்கும். கீழே கடை நடக்கும். ரசீதில் குடியிருப்பு என்றிருக்கும். அவன் கொடுக்காததைத்தான் ஒழுங்காகக் கட்டுகிற சின்ன வீட்டுக்காரன் சேர்த்துக் கொடுக்கிறான். சட்டமே விலக்குக் கொடுத்தவையும் உண்டு. 1920-ஆம் வருஷத்து நகராட்சிச் சட்டம் எல்லா மதத்தாரின் பொது வழிபாட்டிடங்களுக்கும் வரி இல்லை என்று எழுதிவைத்தது. இந்தியப் பேரரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி இல்லை என்று அரசியல் சட்டத்தின் 285-ஆவது பிரிவு சொல்லுகிறது. ரயில்வேக்கும் விமானப் படைக்கும் தாம்பரத்தில் எவ்வளவு நிலம் இருக்கிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். வரிக்குப் பதிலாக அவர்களிடம் சேவைக் கட்டணம் வாங்க வழியுண்டு. அது ஒழுங்காக வருகிறதா என்று எந்த வார்டுக்காரராவது மன்றத்தில் கேட்டாரா என்று நீங்கள் கேட்கவேண்டும்.

என்ன செய்யவேண்டும்?

வரவு செலவுப் புத்தகத்தில் முக்கியமாக மூன்று பத்திகள் இருக்கும். முதலாவது, கடந்த வருஷம் உண்மையில் வந்ததும் செலவானதும். இரண்டாவது, இந்த வருஷத்துக்குத் திருத்திய மதிப்பீடு. மூன்றாவது, வருகிற வருஷத்துக்கு மதிப்பீடு. பத்திரிகையில் பெரிய எழுத்தில் வருவது மூன்றாவது பத்திதான். நீங்கள் பார்க்கவேண்டியதோ முதல் பத்தி! மதிப்பீடு என்பது கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் பெருமை. உண்மைக் கணக்கு என்பது கலியாணத்துக்குப் பின் நடக்கும் நடத்தை.

அந்தப் பத்தியிலே நான்கு கேள்வி கேளுங்கள். வடிகாலுக்கென்று சொன்னதில் செலவானது எவ்வளவு? பாக்கி நிற்கும் வரி எவ்வளவு, பெரிய பாக்கிதாரர்கள் யார்? குப்பையள்ளும் தோழர்களின் கூலிக்கென்று ஒதுக்கியது அவர்கள் கைக்கு முழுவதும் போய்ச் சேருகிறதா? நகராட்சிகள் ஒன்றாகி எழுபது வார்டு ஆனபின், பழைய பேரூராட்சித் தெருக்களுக்கும் சேரித் தெருக்களுக்கும் கிடைத்தது என்ன?

யாரிடம் கேட்பது என்கிறீர்களா? 2022 நவம்பர் முதல் தேதி தமிழ்நாட்டில் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முதலாக நடந்தபோது, அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்து உட்கார்ந்தது நமது பம்மலில்தான். அன்று கூட்டம் இருந்தது. ஆனால் மந்திரி வராத நாளில் எத்தனை பேர் போகிறோம்? பிரேசில் தேசத்தில் போர்ட்டோ அலெக்ரே என்று ஒரு நகரம். அங்கே 1989 முதல் கூலிக்காரரும் குடிசைவாசிகளும் கூட்டம் கூடி, நகரசபைப் பணத்தில் எந்தத் தெருவுக்கு முதலில் சாக்கடை, எந்தத் தெருவுக்குக் குழாய் என்று தாங்களே வரிசைப்படுத்திக் கொடுத்தார்கள். அவர்கள் நம்மைவிட அதிகம் படித்தவர்கள் அல்ல. நம்மைவிட அதிகம் கேட்டவர்கள். சபையில் பதில் வராவிட்டால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாயும் ஒரு காகிதமும் போதும்.

ஆகவே தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக இதில் எதையும் ஒப்புக்கொள்ளவேண்டாம். வீட்டுக்குப் போனதும் உங்கள் வரி ரசீதை எடுத்து, அதில் எழுதியிருக்கும் சதுர அடி சரியா என்று முதலில் உங்களையே சோதித்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் நீங்களே போய்த் திருத்துங்கள். அப்போதுதான் பிறரைக் கேட்க உங்களுக்கு யோக்கியதை உண்டு. அதன் பிறகு தெருவுக்கு இரண்டு பேராக அடுத்த பகுதி சபைக்குப் போய், அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அது மந்திரமல்ல, நம் வீட்டு மளிகைக் கணக்கு மாதிரி ஒரு கணக்குத்தான். அடுத்த மழை எப்படியும் வரும். அது உங்கள் வாசலோடு போகுமா, உள்ளே வருமா என்பதை எந்தக் கிரகமும் தீர்மானிக்கப் போவதில்லை. நீங்கள் கேட்ட கேள்வியும் கேட்காத கேள்வியும்தான் தீர்மானிக்கும்.